ஸோனிங்: மண்டலமா, வலயமா, வரையறையா?

புவியியல் பட்டப்படிப்பில் நகரத் திட்டமிடலைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர் ‘ஸோன்’ என்ற சொல்லை நான்கு வகுப்புகளில் நான்கு பொருளில் கேட்பார். காலநிலையியலில் அது வெப்ப மண்டலம். நிலப்படவியலில் அது யூடிஎம் மண்டலம், அதாவது பூமியை நெடுக்குவாட்டில் 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாக வகுத்ததில் ஒன்று. நகரப் புவியியலில் அது சமூகவியலாளர் பர்ஜெஸ் 1925இல் சிகாகோவை முன்வைத்து விளக்கிய, நகர வளர்ச்சியின் ஐந்து வளையங்களில் ஒன்று. திட்டமிடல் வகுப்புக்கு வந்தபிறகுதான் அது ‘ஸோனிங்’ ஆகிறது. நான்குக்கும் ‘மண்டலம்’ என்றே எழுதிப் பழகிவிட்டதால் விடைத்தாளிலும் ஆய்வேட்டிலும் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இந்தக் கோட்டை மீற முடியுமா? வெப்ப மண்டலத்தை யாரும் மீற முடியாது; அது சூரியன் விழும் கோணத்தால் அமைவது. யூடிஎம் பட்டை கணக்குக்காகப் போட்டுக்கொண்ட கோடு. பர்ஜெஸின் வளையம் ஓர் ஆய்வாளர் கண்டதைச் சொல்கிறது. நகரம் அதன்படி வளராவிட்டால் மாதிரிதான் பிழை, நகரம் குற்றவாளி ஆகாது. ஸோனிங்கை மட்டுமே மீறலாம். மீறினால் அனுமதி மறுக்கப்படும், அபராதம் வரும், சில வேளை கட்டடமே இடிபடும். நகர நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தப் பயன்பாடு கூடும், எவ்வளவு கட்டலாம், மனை எல்லையிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்று சட்டத்தால் கட்டுப்படுத்துவதே அது. அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு: ஒரு வரைபடம், ஒரு விதித்தொகுப்பு. விதித்தொகுப்பைப் படிக்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் அங்கே இருப்பது வெறும் வண்ணம்.

சொல்லின் மூலம் கிரேக்கம். ‘ஸோனே’ என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. நடுவே வெயில் சுடும் பட்டை ஒன்று, இரு துருவங்களிலும் குளிர்ந்த பட்டைகள், இடையில் மிதமான இரண்டு எனப் பூமிக்குக் கச்சை கட்டினாற்போல் ஐந்தாக வகுத்தார்கள் பழங்கிரேக்கர். இலத்தீன் வழியாக அது ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. ஆக, திட்டமிடுவோர் கைக்கு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகள் முன்பே இது புவியியலின் சொல். அந்தக் காலம் முழுதும் அதில் ‘விதி’ என்ற பொருள் இல்லை.

அந்தப் பொருள் சேர்ந்தது ஜெர்மனியில். 1891இல் பிராங்க்பர்ட் நகரம், மேயர் பிரான்ஸ் ஆடிக்கஸ் காலத்தில், உள்நகருக்கு ஒரு கட்டட விதியும் வெளிநகருக்கு வேறொன்றும் வைத்தது. வெளிநகரைக் குடியிருப்பு, கலப்பு, ஆலை எனவும் பிரித்தது. ஊர் முழுக்க ஒரே உயர வரம்பு இருந்தால் ஓரத்து நிலத்துக்காரரும் நடுநகர் அடர்த்தியை மனதில் வைத்தே விலை சொல்வார். அதைத் தடுக்கத்தான் இந்தப் படிநிலை.

அமெரிக்காவில் நியூயார்க் 1916இல் நகரம் முழுமைக்குமான ஸோனிங் விதியைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முடிந்த எக்விட்டபிள் கட்டடம் ஏறத்தாழ ஓர் ஏக்கர் மனையில் 12 லட்சம் சதுர அடித் தளத்தோடு எழுந்து, சுற்றுத் தெருக்களை நிழலில் ஆழ்த்தியது. ஐந்தாம் அவென்யூ வணிகர்கள் தையல் ஆலைகள் தங்கள் பக்கம் வருவதை எதிர்த்ததும் சேர்ந்துகொண்டது. அதனால் அந்த விதி பயன்பாட்டையும் உயரத்தையும் ஒன்றாகவே பிடித்தது. நியூயார்க்கின் பழைய வானளாவிகள் மேலே போகப்போகப் படிக்கட்டுபோல் ஒடுங்குவது அந்த உயர விதியின் தடம்.

‘யூக்ளிடிய ஸோனிங்’ என்று பாடத்தில் வரும்போது பலர் வடிவியல் அறிஞரை நினைத்து, கட்டம் கட்டமாகப் பிரிப்பது என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒஹையோவின் யூக்ளிட் என்னும் சிற்றூரைக் குறிப்பது. அந்த ஊரின் விதியை எதிர்த்து ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் தொடுத்த வழக்கில், 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பயன்பாடுகளைத் தனித்தனியே பிரித்துவைக்கும் முறைக்கு அதுவே பெயராயிற்று. (ஊருக்கு அப்பெயரை வைத்த நில அளவையர் வடிவியல் அறிஞரை நினைத்தே வைத்தனர் என்பதால் தொடர்பு அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது.)

கோடு போடும் அதிகாரம் ஆளைத் தள்ளிவைக்கவும் பயன்பட்டது. 1910இல் பால்டிமோர் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்துச் சட்டம் போட்டது. அத்தகைய சட்டங்கள் செல்லாது என்று 1917இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறைந்தபட்ச மனை அளவைப் பெரிதாக வைப்பது அதே வேலையை இனத்தின் பெயர் சொல்லாமல் செய்துவிடக்கூடும். ஒரு நகரின் விதித்தொகுப்பைப் படிக்கும் மாணவர் பயன்பாட்டுப் பட்டியலைத் தாண்டி மனை அளவு, வாகன நிறுத்தம் ஆகிய பத்திகளையும் படிக்க வேண்டியது இதனால்தான்.

ஸோனிங் உண்மையில் எங்கே கடிக்கிறது என்பது ஒரு மனையைக் கணக்குப் போட்டால்தான் புரியும். 16 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். பரப்பு 400 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற எண்) 2 என்று வைத்துக்கொள்வோம். எல்லா மாடிகளையும் சேர்த்து 800 சதுர மீட்டர் கட்டலாம். முன்பக்கம் 4.5, பின்பக்கம் 3, இரு பக்கமும் 2.5 மீட்டர் விட வேண்டுமென்றால் கட்டக்கூடிய அடித்தளம் 11 × 17.5, அதாவது 192.5 சதுர மீட்டர். உயர வரம்பு 9 மீட்டர், ஒரு மாடி 3 மீட்டர் என்றால் மூன்று மாடிதான்: 577.5 சதுர மீட்டர். குறியீடு 2 என்று அரசிதழில் இருக்கிறது. மனையில் கிடைப்பதோ 1.44. இந்த நிலையில் குறியீட்டை 3 ஆக உயர்த்தினாலும் ஒரு சதுர மீட்டர்கூடக் கூடாது. உயர வரம்பை 12 மீட்டராக்கினால் 770 சதுர மீட்டர் வந்துவிடும். ‘அடர்த்தியை உயர்த்தினோம், வீடுகள் பெருகவில்லையே’ என்ற கேள்விக்குப் பல இடங்களில் விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எந்த விதி முதலில் முட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் குறியீட்டை மட்டும் ஒப்பிடும் ஆய்வேடு பாதி வேலைதான்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

‘மண்டலம்’ என்றால் வட்டம். சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்று பெருநிலப் பிரிவுக்கும், மருந்துண்ணும் நாள்கணக்குக்கும், மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவுக்கும் அது ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. ‘மண்டலத் திட்டமிடல்’ என்றால் பல மாவட்டங்களை உள்ளடக்கிய வட்டாரத் திட்டமா, ஒரு தெருவின் நிலவிதியா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘வலயம்’ என்றால் வளை, காப்பு. கச்சையைச் சுட்டிய கிரேக்கச் சொல்லுக்கு மிக அருகில் நிற்பது. இலங்கைத் தமிழில் உலர் வலயம், ஈர வலயம், கல்வி வலயம் என்று அது நன்றாக வேரூன்றியிருக்கிறது. அங்கே எழுதுவோர் மாற்ற வேண்டியதில்லை.

‘திணை’யையே வைக்கலாமே என்ற யோசனையும் எழுவதுண்டு. அழகான எண்ணம்தான், ஆனால் பொருந்தாது. குறிஞ்சியும் நெய்தலும் நிலத்தின் இயல்பைச் சொல்பவை. சிலப்பதிகாரத்தின் புகார் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பிரிந்து, யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று தெருத்தெருவாக விரிகிறதே, அதுவும் வருணனைதான், பர்ஜெஸின் வளையம்போல. ‘மீற முடியுமா’ என்ற கேள்வியில் இரண்டுமே தோற்றுவிடுகின்றன.

ஸோனிங்குக்கு நாம் கைக்கொள்வது ‘மண்டல வரையறை’. ‘மண்டலமாக்கம்’ என்ற வழக்கைவிட இதை விரும்பக் காரணம் ‘வரையறை’ என்ற சொல். வரைவது கோடு, அறுப்பது இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது. வரைபடம், விதித்தொகுப்பு என்ற இரண்டு உறுப்புகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வினையாகவும் வளைந்து கொடுக்கும்: ‘இப்பகுதி கலப்புக் குடியிருப்பாக வரையறுக்கப்பட்டது’. விதி வருவதற்கு முன்பே அங்கிருந்த பட்டறை ‘முன்னிருந்த பயன்பாடு’. ஒரு மனைக்கு மட்டும் தரும் தளர்வு ‘விலக்கு’. பகுதியின் வகையையே மாற்றுவது ‘வரையறை மாற்றம்’. விலக்கும் மாற்றமும் ஒன்றல்ல. விலக்கில் விதி அப்படியே இருக்கும். மாற்றத்தில் பக்கத்து மனைகளின் உரிமையும் மாறலாம்.

ஜப்பான் போன்ற அமைப்பை விவரிக்க ‘ஒட்டு முறை’, ‘தனிப்பு முறை’ என்ற இணையும் தேவைப்படுகிறது. அங்கே தேசியச் சட்டமே 13 வகைகளை வைத்திருக்கிறது. தொந்தரவு கூடிய பகுதியில் குறைந்த தொந்தரவுள்ளதும் பெரும்பாலும் கூடும் என்பதால், ஆலைகளுக்கே ஒதுக்கிய ஒரு வகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வீடு கட்டலாம். அது ஒட்டு முறை. வீட்டுக்கென்றால் வீடு மட்டும், கடைக்கென்றால் கடை மட்டும் என்பது தனிப்பு முறை. வண்ண வரைபடத்தில் இந்த இரு முறைகளின் நகரங்களும் ஒரேமாதிரித் தெரியும். வித்தியாசம் விதித்தொகுப்பில் இருக்கிறது.

செய்முறை வகுப்பில் வரும் தவறுகளும் பெரும்பாலும் சொல்லிலிருந்தே தொடங்குகின்றன. செயற்கைக்கோள் படத்தை வகைப்படுத்திக் கிடைப்பது நிலப்போர்வை: புல், கூரை, நீர். அங்கே மனிதர் என்ன செய்கிறார்கள் என்பது நிலப்பயன்பாடு. என்ன செய்யலாம் என்பது மண்டல வரையறை. மூன்றையும் மூன்று அடுக்குகளாக வைத்து ஒப்பிடுவதே சரி. மனை அடுக்கின் மேல் வரையறை அடுக்கைப் பதிக்கும் முன் இரண்டையும் ஒரே மீட்டர் அளவை வீச்சுக்கு (பூமியின் வளைபரப்பைத் தட்டையாக்கி மீட்டரில் அளக்கும் முறைக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். பாகையில் விட்டுவிட்டுப் பரப்புக் கணக்கிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. எல்லைகள் சற்றே விலகியிருந்தால் மெல்லிய சில்லுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். ஒரு மனை இரு பகுதிகளில் விழுந்தால் அதன் மையப்புள்ளியை நம்பாமல் பெரும்பரப்பு எதில் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். நீண்டு வளைந்த மனைகளில் மையப்புள்ளி மனைக்கு வெளியேகூட விழும். பிறகு, வரைபடத்தின் தலைப்பில் ‘மண்டல வரையறை’ என்று எழுதும்போது எந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.