முழங்கால் வலிக்குச் செல் சிகிச்சை: ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மூட்டுவலிக்கு வருகிறவர்களில் பலர் இப்போது எக்ஸ்ரே படத்தோடு ஒரு வாட்ஸ்அப் காணொளியையும் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் அது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் அனுப்பியதாக இருக்கும். ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம் என்று அதில் ஒருவர் உறுதியாகச் சொல்வார். பெரிய வீட்டில் வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டுத் தொலைவில் இருப்பவர்களின் தவிப்பு நியாயமானது. அந்தத் தவிப்பை வைத்து யாரும் பணம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செல் சிகிச்சை என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சிகிச்சைகள் புழங்குகின்றன. அதிகம் செய்யப்படுவது பி.ஆர்.பி. நோயாளியின் கையில் எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் பிரித்து, வலியுள்ள இடத்தில் செலுத்துவார்கள். தட்டணுக்கள் விடுவிக்கும் வளர்ச்சிக் காரணிகள் அழற்சியைத் தணிக்கக்கூடும். ஆனால் இது ஸ்டெம் செல் சிகிச்சை அன்று. இன்னொன்று, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கி மூட்டில் போடுவது. அந்த மஜ்ஜையில் நாம் தேடுகிற, எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய மீசென்கைமல் செல், பத்தாயிரம் செல்களுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. மூன்றாவது, அத்தகைய செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிச் செலுத்துவது.

சட்டம் இவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்ற நிலைபெற்ற பயன்பாடுகளைத் தவிர, ஸ்டெம் செல் சிகிச்சைகளைப் பதிவுபெற்ற மருத்துவ ஆய்வுகளுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன; அவ்வாறான ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. முழங்கால் தேய்மானத்துக்கென பெங்களூரு நிறுவனம் ஒன்று வளர்த்தெடுத்த செல் மருந்துக்கு 2022இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரின் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் தேய்மானத்தின் நான்கு நிலைகளில் இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்குத்தான். ஆகவே "ஸ்டெம் செல் பேக்கேஜ்" என்று யாராவது விலை சொன்னால், எந்த மருந்து, யார் ஒப்புதல் தந்தது, ஆய்வு என்றால் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலன் எவ்வளவு? ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுநீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது, அதனால் காயம்பட்டால் தானாக ஆறுவது மிகக் கடினம். ஊசியில் சென்ற செல்கள் அங்கேயே தங்கிப் புதுக் குருத்தெலும்பாக மாறுவதைவிட, சிறிது காலம் இருந்து, தாம் சுரக்கும் பொருள்களால் அழற்சியைக் குறைக்கின்றன என்பதே இன்றைய புரிதல். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பி.ஆர்.பி.யும் வெறும் உப்புநீர் ஊசியும் ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடித் திசு ஆகிய மூன்று வகைச் செல்களும் ஓராண்டில் சாதாரண ஸ்டீராய்டு ஊசியை விஞ்சவில்லை. பி.ஆர்.பி.க்குச் சாதகமான ஆய்வுகளும் உள்ளன. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதும் முடிவுகள் மாறுபட ஒரு காரணம். வலி குறையலாம் என்று சொல்வேன். ஜவ்வு வளரும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்க்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, நாள் முழுக்கக் குத்தவைத்தே செய்கிற வேலை. தேய்மானம் இரண்டாம் நிலையில் இருந்தது. பி.ஆர்.பி. போட்டதோடு, பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொன்னேன், தொடைத் தசைக்குப் பயிற்சியும் கொடுத்தேன். வலி நன்றாகக் குறைந்தது. ஊசிக்கு எவ்வளவு பங்கு, பலகைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. பயிற்சியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறேன்.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவரின் நிலை வேறு. கால் வில்லாக வளைந்து, எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலை. "முத்தத்துல எறங்கி ஏறுனாப் போதும் டாக்டர், எவ்வளவு செலவானாலும் மகன் அனுப்புறேங்கிறான்" என்றார். "ஆச்சி, இந்தக் காலுக்கு ஊசி பயன்படாது, அந்தப் பணத்தை மூட்டு மாற்றுக்கு வையுங்கள்" என்றேன். மகனுக்கும் அங்கிருந்தே போன் போட்டு விளக்கினேன். உடல் எடையைப் பற்றியும் அப்படித்தான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என் வழக்கம்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

ஊசி போடுவதென்று முடிவானால், டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். அவை தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் வலியும் லேசான வீக்கமும் இருப்பது இயல்பு. காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து கொதித்தாலோ, காலை மடக்கவே முடியாமல் போனாலோ மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.