525 மடங்கு என்று பெட்டி சொல்கிறது

மகளுக்கு 70 மி.மீ. விட்டமுள்ள வில்லை கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்த வாசகர் ஒருவர், பெட்டியின் மேல் 525 மடங்கு உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருந்தும், அந்த அளவில் சனிக்கோள் மங்கலான கறையாகத் தெரிவது ஏன், கருவியில் பழுதா என்று கேட்டிருக்கிறார். பழுது பெட்டியில் அச்சிட்ட எண்ணில் இருக்கிறது.

பொருளருகு வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். 700 மி.மீ. குவியத்தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. கண்ணருகு வில்லை 28 மடங்கும், 10 மி.மீ. வில்லை 70 மடங்கும் தரும், 4 மி.மீ. வில்லையோடு உருப்பெருக்கத்தை மும்மடங்காக்கும் துணை வில்லையான பார்லோ வில்லையையும் செருகினால் 525 வந்துவிடும். கணக்கு சரிதான், ஆனால் ஒளி அதற்கு உடன்படுவதில்லை.

பிரகாசமான விண்மீன் ஒன்றை 140 மடங்கில் கூர்மையாகக் குவித்துப் பார்த்தால், ஒரு சிறு வட்டும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் ஒன்றோ இரண்டோ தெரியும். அந்த வட்டு விண்மீனின் உடல் அன்று, நம் வில்லையின் கைவேலை. வில்லையின் ஒவ்வோர் இடத்தின் வழியாகவும் வரும் ஒளியலைகள் பிம்பத்தின் நடுப்புள்ளியில் ஒத்திசைந்து சேர்ந்து பொலிவூட்டுகின்றன. நடுவிலிருந்து சற்று விலகிய இடத்துக்கோ, ஒரு விளிம்பிலிருந்து வரும் அலை எதிர் விளிம்பிலிருந்து வருவதைவிடச் சிறிது கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். இந்த வேறுபாடு அலைநீளத்தைப் போல் 1.22 மடங்கை எட்டும் இடத்தில், வில்லையின் பரப்பெங்கும் இருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று முற்றிலும் அழித்துக்கொள்ள, அங்கே கரிய வளையம் விழுகிறது. அதற்குள் அடங்கியதே நாம் காணும் வட்டு. ஒளி விளிம்புகளில் வளைந்து பரவும் விளிம்பு விளைவின் இக்கணக்கை 1835-இல் செய்து காட்டியவர் ஜார்ஜ் ஏய்ரி. விளிம்புகள் தள்ளித் தள்ளி அமைய, நடுவிலிருந்து மிகச் சிறிதே விலகினாலும் அதே பாதை வேறுபாடு கிடைத்துவிடும் என்பதால், வில்லை அகல அகல வட்டு சுருங்கும். இந்த எதிர்மாறான உறவு எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. பச்சை ஒளியில் 70 மி.மீ. வில்லை தரும் வட்டின் ஆரம் சுமார் 2 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள்). காவலூர் வானாய்வகத் தொலைநோக்கியின் 2.3 மீட்டர் ஆடிக்கு, காற்று குறுக்கிடாவிட்டால், அது ஏறத்தாழ 0.06 வில்விநாடிதான்.

சனியின் பிம்பமும் இத்தகைய வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவானதே. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்ற கணக்கில் 140-ஐத் தாண்டினால், செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல, புள்ளிகள்தாம் பெரிதாகும். மேலும் 70 மடங்கில் தெரியும் பிம்பத்தைவிட 525 மடங்கில் தெரிவது 56 மடங்கு மங்கல். மெலிந்த முக்காலியில் கை பட்டாலே காட்சி ஓடிவிடும். எண் பெரிதென்றால் கருவியும் பெரிது என்ற நம்பிக்கை ராசிக்கல் நம்பிக்கையைவிட மேலானதன்று. பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் அலுவலர்களாவது விட்டத்தைக் கேட்டு வாங்கலாம். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான். 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி நின்ற சனியின் வளையம் அடுத்து வரும் ஆண்டுகளில் விரிந்துகொண்டே போகும். அதற்கு 70 மடங்கு போதும்.

கருவியைச் சோதிக்கத் தென்வானின் பிரகாசமான விண்மீனான ஆல்பா சென்டாரி நல்ல இலக்கு. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சுத் துறவி ஜான் ரிஷோதான் அது இரட்டை விண்மீன் என்று தொலைநோக்கியில் கண்டவர். மே, ஜூன் இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே அதை 28 மடங்கில் தேடிப் பிடித்து, பின்னர் 70 மடங்குக்கு மாற்ற வேண்டும். இரு விண்மீன்களுக்கும் இடைவெளி இப்போது 5 வில்விநாடிக்கு மேல் இருப்பதால், நல்ல வில்லை தனித்தனியாகவே காட்டும். தாழ்வான வானத்தின் கலங்கிய காற்றில் அவை ஒட்டிக்கொண்டு துடித்தால், பார்லோ வில்லையைத் தேடாமல், விண்மீன் நேர் தெற்கே உயர்ந்து வரும்வரை காத்திருந்து மறுபடி பார்க்கலாம்.