பெட்ரோல் வரவில்லையா? காற்றைத் தேடுங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நிற்கும் பழைய புல்லட், யெஸ்டி பைக்குகளுக்கு வருடத்தில் சில வாரங்கள்தான் வேலை. பொங்கல், கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று குடும்பம் ஊருக்கு வந்து இறங்கும்போது போர்வையை விலக்கி உதைப்பார்கள். வண்டியும் கிளம்பிவிடும். ஆனால் காரைக்குடியை விட்டுக் குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் இழுத்து இழுத்து நின்றுவிடும். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

உடனே, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதுதான் வழக்கம். அதில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதி மாட்டியதும் வண்டி சரியாகிவிட்டது போலத் தெரியும். கழற்றி மாட்டிய அந்த அரைமணி நேரத்தில் டேங்குக்குள் காற்று மெல்லப் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் மீண்டும் நிற்கும்.

இந்த வண்டிகளில் பெட்ரோலுக்கு பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் பெட்ரோலைத் திறந்து மூடும் ஒரு காக் (குழாய் மாதிரி), ஒரு ட்யூப். பெட்ரோல் தன் சொந்த எடையில் இறங்க வேண்டும். அந்த எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். டேங்கில் பெட்ரோல் நிற்கும் மட்டம் கார்புரேட்டரை விட 30 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 740 கிராம் எடையுள்ள பெட்ரோல் அந்த உயரத்தில் தரும் அழுத்தம் 2.2 கிலோபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். அதில் நூற்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது.

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வரும்; எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். டேங்க் மூடியில் இருக்கும் குண்டூசி அளவுத் துவாரம்தான் அந்த இரண்டாவது ஓட்டை. அது அடைபட்டால் என்ன ஆகும்? டேங்கில் 5 லிட்டர் காலியிடம் இருக்கிறது என்றால், 100 மில்லி பெட்ரோல் இறங்கியதுமே உள்ளிருக்கும் காற்று 2 சதவீதம் விரிந்து, அதே அளவு அழுத்தம் குறைந்துவிடும். மிச்சப் பெட்ரோலை வெளிக்காற்று கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 40 கி.மீ. தரும் வண்டிக்கு 100 மில்லி என்பது 4 கி.மீ. நிஜத்தில் பெட்ரோல் ஆவி எழுந்து இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுவதால் தூரம் சற்று நீளும். நிறுத்தி வைத்தால் திரும்ப ஓடுவதற்கு அந்த ஆவியும், மூடியின் ரப்பர் ஓரம் கசிந்து நுழையும் காற்றும்தான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேங்க் நிறைய நிறைய இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். காலியிடம் ஒரே லிட்டர் என்றால் 20 மில்லி இறங்கினாலே போதும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை வைத்து இன்னும் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் நின்றுவிடும். பழி, இப்போதுதான் பெட்ரோல் போட்ட பங்க் மேல் விழும். “தண்ணி கலந்துட்டான்” என்று கிளம்புவதற்கு முன் டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் விஷயம் முடிந்தது. அந்தத் துவாரத்தை அடைக்க இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை: செம்மண் புழுதி, துரு, காய்ந்துபோன பாலிஷ். மூடிக்குப் பதில் தனிக் காற்று ட்யூப் வைத்த வண்டி என்றால், பல மாதம் சும்மா நிற்கும்போது மண்குளவி அதற்குள் கூடே கட்டிவிடும்.

ஊகம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். இன்ஜின் ஆறியபின், நெருப்பு எதுவும் இல்லாத வெளியிடத்தில், ட்யூபை கார்புரேட்டர் பக்கம் உருவி ஒரு பாட்டிலில் விட்டு, மூடியை இறுக்கிவிட்டுக் காக்கைத் திறந்துவிடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 25 மில்லிதான் செலவு. முழு ஆக்ஸிலேட்டரில் பல மடங்கு கேட்கும். அதனால் நிமிடத்துக்கு 150, 200 மில்லி சீராக வந்தால் பாதை நன்றாக இருக்கிறது. முதல் நிமிடத்தோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள், அரை லிட்டராவது இறங்கட்டும். வேகம் குறைந்துகொண்டே போய், மூடியைத் திறந்ததும் பழையபடி பாய்ந்தால் குற்றவாளி மூடி. திறந்த பிறகும் சொட்டினால் காக்கின் வலை, ட்யூப், ஃபில்டர் இவற்றில் அடைப்பு.

ஃபில்டர் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. பம்ப் வைத்த வண்டிக்கான காகித ஃபில்டரை இந்த 2.2 கிலோபாஸ்கலுக்கு நடுவில் மாட்டுவது அடைப்பைக் காசு கொடுத்து வாங்குவதுதான். காக்கில் இருக்கும் வலையைச் சுத்தமாக வைத்திருந்தாலே போதும். ட்யூப் முழுக்கக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்றுக்குமிழ் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தள்ளும் பலம் பெட்ரோலுக்கு இல்லை. சிலிண்டரை ஒட்டிப் போனால் சித்திரை வெயிலில் இன்னும் மோசம். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கண்ணாடி போலத் தெரியும் சாதாரண பிளாஸ்டிக் ட்யூபும் வேண்டாம். அதை வளைய வைக்கும் சேர்மானத்தைப் பெட்ரோல் கரைத்து எடுத்துவிட, குச்சி மாதிரி விறைத்து நுனியில் வெடிக்கும்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைத்துக் கெடுப்பதோடு, ஈரத்தையும் இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, இரும்பைத் தின்னும். (உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டிய ஊர் காரைக்குடி. ஆனால் வீட்டு டேங்கை யார் எட்டிப் பார்க்கிறார்கள்!) ஊரை விட்டுக் கிளம்பும்போது காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவது நல்லது.

சரி, பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்துவிட்டது. அங்கிருந்து அதை மேலே ஏற்றுவதும் காற்றுதான். பிஸ்டன் இழுக்கும் காற்று ஒரு குறுகலான வாய் வழியே பாயும்போது வேகம் கூடி அழுத்தம் குறையும். கிண்ணத்துப் பெட்ரோல் மேல் வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருப்பதால், பெட்ரோல் ஜெட் வழியே ஏறித் தூறலாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 11 கிலோ காற்று வேண்டும். அளவில் 9,000 லிட்டருக்கு மேல். இவ்வளவும் அந்தக் குறுகலான வாய் வழியே வந்தால்தான் ஜெட்டுக்குக் கணக்குத் தெரியும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ரப்பர் வெடிப்பிலோ நைந்த வளையத்திலோ நுழையும் காற்று கணக்கில் வராத காற்று. மெக்கானிக்குகள் ‘ஏர் இழுக்குது’ என்பது இதைத்தான்.

இது, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐட்லிங்கில்தான் அதிகம் தெரியும். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது உறிஞ்சும் பலம் அதிகம், முறையாக வரும் காற்று குறைவு. அதனால் சின்ன ஓட்டையும் பெரிய பங்கு ஆகிவிடும். ரேஸ் தானாக ஏறி இறங்கும், சைலன்சரில் படபடக்கும். பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைப் போட்டதும் நன்றாக ஓடினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சோப்பு நுரை இங்கே உதவாது, காற்று உள்ளேதானே போகிறது! ஓடும் இன்ஜினில் இணைப்புகள் மேல் மட்டும் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. பெட்ரோலையே தெளித்துப் பார்க்கும் ஆட்களும் உண்டு, அருகில் நிற்காதீர்கள். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் யெஸ்டியில் இந்த ஓட்டை இன்னும் ஆபத்து. காற்றின் பங்கு கூடினால் ஆயிலின் பங்கும் குறையும், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும்.

70, 80-களின் ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் காக்கையே இந்த உறிஞ்சல்தான் திறக்கும். இன்ஜின் பக்கமிருந்து ஒரு மெல்லிய ட்யூப் வந்து காக்குக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை இழுக்க, வழி திறக்கும். இன்ஜின் நின்றதும் ஸ்பிரிங் மூடிவிடும். ட்யூப் வெடித்தால் பெட்ரோல் வராது. சவ்வு கிழிந்தாலோ பெட்ரோல் அந்த மெல்லிய ட்யூப் வழியே நேராக இன்ஜினுக்குள் போகும்: கரும்புகை, நனைந்த பிளக், ஆயிலில் பெட்ரோல் வாடை. ஊசியில்லாத சிரிஞ்சால் அந்த முனையை இழுத்துப் பிடித்தால் காக் வழியே பெட்ரோல் பாய வேண்டும், சிரிஞ்சுக்குள் பெட்ரோல் வரக் கூடாது. சவ்வு கிடைக்காதவர்கள் சாதாரணக் காக்கை மாட்டிவிடுகிறார்கள், அதில் தப்பில்லை. இன்ஜின் பக்கம் மிச்சமிருக்கும் அந்தக் குழாய் முனைக்கு மட்டும் மறக்காமல் ஒரு ரப்பர் மூடி போடச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் அதுவே புதுக் காற்று ஓட்டை.