சர்ன், டாஷர், ஃப்ரீசர்: கையால் சுற்றும் கடைகலங்களுக்குத் தமிழ்ச் சொற்கள்

ஆங்கிலத்தில் 'சர்ன்' என்ற சொல் பெயராக வந்தால் வெண்ணெய் எடுக்கும் கலத்தைக் குறிக்கும். வினையாக வந்தால் கடைவதைக் குறிக்கும். அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணை வாழ்க்கையைப் பற்றி எதை மொழிபெயர்த்தாலும் இந்தச் சொல் எதிரே வரும். பலரும் 'மத்து' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மத்து என்பது கடையும் கோல் மட்டும்தான். சர்ன் என்பதில் கலம், மூடி, உள்ளே ஆடும் கோல் அல்லது துடுப்பு, வெளியே கைப்பிடி, சிலவற்றில் பல்சக்கரம் எல்லாமே அடக்கம். 'வெண்ணெய் தயாரிக்கும் இயந்திரம்' என்று நீட்டி எழுதினால் மின்சாரத்தில் ஓடும் ஆலை ஒன்று மனதில் வந்து நிற்கிறது. இரண்டுமே சரியில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இது 'சிரின்'. டச்சு மொழியில் 'கார்ன்', ஸ்காட்லாந்தில் 'கிர்ன்', பழைய நார்ஸ் மொழியில் 'கிர்னா'. எல்லாம் ஜெர்மானியக் குடும்பத்து உறவுகள். விதையின் உள்ளே இருக்கும் பருப்பைக் குறிக்கும் 'கெர்னல்' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பலரின் கருத்து. பாலேட்டைக் கடையக் கடைய ஒரு கட்டத்தில் அது மணிமணியாக உடைந்து நிற்கும். அந்த மணிகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரின் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள் போலும்.

நம்முடைய சொல் அந்த மணிகளைப் பார்க்கவில்லை, கையின் வேலையைப் பார்த்தது. 'கடை' என்றால் ஒரு கோலை நிறுத்திச் சுழற்றுவது. தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், பருப்பைக் கடைகிறோம். மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கி உருவாக்குவதும் கடைசல்தான். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்கள் அப்படிக் கடைந்தவை. தீக்கடைகோலில் தீயைக் கடைந்து எடுத்தார்கள். இத்தனை வேலைகளுக்கும் பொதுவானது சுழற்சி ஒன்றுதான். கன்னடத்தில் 'கடெ' என்றால் கடைவது, 'கடகோலு' என்றால் மத்து. உடுப்பி கிருஷ்ணன் கையில் பிடித்திருப்பது அந்தக் கடகோலைத்தான். மலையாளத்தில் 'கடகோல்'. தென்னாட்டு மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான வேர் இது. மத்து என்ற சொல்லுக்கு வடமொழி 'மந்த' என்பதோடு உறவு உண்டு. அதுவும் நம்மிடம் வெகுகாலமாகப் புழங்குவதுதான்.

எவ்வளவு காலம் என்று கேட்டால் பத்துப்பாட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் ஒருத்தி விடியலில், பறவைகள் எழும் நேரத்தில், தயிர் கடைகிறாள். 'புலிக்குரல் மத்தம் ஒலிப்ப வாங்கி' என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மத்தின் ஓசை புலியின் உறுமலாகக் கேட்கிறது. பெரிய பானையில் கெட்டித் தயிரை நேராகக் கடைந்து பார்த்தவர்களுக்கு அந்த அடித்தொண்டைச் சத்தம் தெரியும். இங்கே 'வாங்கி' என்றால் கயிற்றைப் பிடித்து இழுத்து. பிற்காலத்தில் அப்பரும் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்: 'உறவுகோல் நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன் நிற்குமே.' கோலை நட வேண்டும், கயிறு முறுக வேண்டும், இழுக்க வேண்டும், கடைய வேண்டும். பாலில் மறைந்திருக்கும் நெய் போல இறைவன் மறைந்திருக்கிறான் என்று சொல்ல வந்த இடத்தில், ஒரு கருவியின் செயல்முறையை ஒரு படி விடாமல் சொல்லிவிடுகிறார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் அந்தக் கயிற்றுக்கே பெயர் இருக்கிறது, கடைகயிறு. யசோதை கண்ணனைக் கட்டிப்போட்டது அதனால்தான்.

கடைகோல், கடைகயிறு என்ற இந்த இரண்டு பழஞ்சொற்களின் வழியே போனால் சர்னுக்குத் தமிழ் தானாகக் கிடைக்கிறது: கடைகலம். கடைந்த கலம், கடைகிற கலம், கடையும் கலம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. நடுவில் 'க்' போடக் கூடாது. 'கடைக்கலம்' என்று எழுதினால் கடையில் விற்கும் கலம், அல்லது கடைசிக் கலம் என்று பொருள் போய்விடும். ஒரு எழுத்துத்தான், ஆனால் கவனம் வேண்டும்.

கடைகலங்களில் வகைகள் உண்டு. ஐரோப்பாவில் மிகப் பழையது, உயரமான மரக்கலத்தில் ஒரு நீண்ட கோலை மேலும் கீழுமாகக் குத்துவது. கோலின் அடியில் துளையிட்ட வட்டப் பலகையோ குறுக்குச் சட்டமோ இருக்கும். அந்தக் கோலுக்குத்தான் ஆங்கிலத்தில் 'டாஷர்' என்று பெயர். இதில் சுழற்சியே கிடையாது. நம் நாக்குக்குக் 'கடைவது' என்று சொல்லவே கொஞ்சம் தயக்கமாக இருக்கும். அதனால் இதைக் குத்துக் கடைகலம் என்று பிரித்துச் சொல்வது நல்லது. அப்புறம், கைப்பிடியால் பீப்பாயையே உருட்டும் வகை வந்தது. அது பீப்பாய்க் கடைகலம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் பரவியது மூன்றாவது வகை. சதுரக் கண்ணாடி ஜாடி, மேலே இரும்பு மூடி, மூடியின் மேல் பல்சக்கரமும் கைப்பிடியும், உள்ளே மரத் துடுப்புகள். செயின்ட் லூயிஸ் நகரத்து டேசி நிறுவனத்தின் ஜாடிகள் இதில் பெயர்பெற்றவை. பழம்பொருள் சேர்ப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். பல ஜாடிகளில் 1922 பிப்ரவரி 14 என்ற காப்புரிமைத் தேதி கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். இதைக் கைச்சுழல் கடைகலம் எனலாம். நம் கயிற்று மத்து ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை இடப்பக்கம் என்று மாறி மாறிச் சுழலும். கைப்பிடியும் பல்சக்கரமும் சேர்ந்தால் சுழற்சி நிற்காமல் ஒரே திசையில் போகும், கை ஒரு சுற்றுச் சுற்றினால் துடுப்பு பல சுற்றுச் சுற்றும். இயந்திரம் கொடுத்த லாபம் அவ்வளவுதான். உள்ளே பாலேட்டுக்கு நடப்பது பெரும்பாணாற்றுப்படைக் காலத்தில் நடந்ததேதான்.

என்ன நடக்கிறது? பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் மெல்லிய சவ்வு இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது. கடையும்போது உருண்டைகள் மோதி, சவ்வு கிழிந்து, கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் நீரில் மிதந்த கொழுப்பு தனியே ஒன்றுகூடி நிற்கும், மோர் பிரிந்துவிடும். இதற்குத் தமிழில் 'திரள்வது' என்று பெயர். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். பாடநூல்கள் இந்த நிகழ்வுக்குப் புதுச்சொல் தேடத் தேவையே இல்லை, திரளல் என்று எழுதினால் போதும். கொழுப்பு ரொம்ப இளகியிருந்தாலும் திரளாது, ரொம்ப இறுகியிருந்தாலும் திரளாது. பாலேட்டுக்கு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை தோதான வெப்பம். வெயில் காலத்தில் கடையும்போது ஐஸ் தண்ணீரும் மார்கழியில் வெந்நீரும் கொஞ்சம் ஊற்றும் நம் வீட்டு வழக்கத்துக்குக் காரணம் இதுவே.

இனி ஐஸ்கிரீம் பக்கம் வருவோம், அதையும் கையால் சுற்றும் கருவியில்தான் கடைந்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் 1843இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மர வாளி ஒன்று, அதற்குள் உலோகக் குவளை, இரண்டுக்கும் நடுவே ஐஸும் உப்பும். குவளைக்குள் துளையிட்ட துடுப்பு, மூடிக்கு மேலே கைப்பிடி. அதற்கு முன்பு குவளையை ஐஸில் வைத்துக் கையால் திருகி, அடிக்கடி மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலக்க வேண்டியிருந்தது. ஜான்சனின் கருவியில் மூடியைத் திறக்காமலே சுரண்டலும் கலக்கலும் நடந்தன. காப்புரிமையில் அவர் வைத்த பெயர் 'செயற்கை ஃப்ரீசர்'. மின்சாரக் குளிர்பெட்டி வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னால் ஃப்ரீசர் என்றாலே இந்த வாளிக் கருவிதான். பழைய ஆங்கிலச் சமையல் குறிப்பில் 'ஃப்ரீசரைச் சுற்று' என்று வந்தால் அங்கே 'உறைவிப்பான்' என்று போடக் கூடாது. உறைவிப்பானை யாரும் சுற்றுவதில்லை.

லண்டனில் ஆக்னஸ் மார்ஷல் 1885இல் காப்புரிமை பெற்ற கருவி வேறு மாதிரி. அகலமான, ஆழமில்லாத பாத்திரம் சுழலும், துடுப்பு அசையாமல் நிற்கும். ஆழம் குறைவு என்பதால் கலவை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அமெரிக்காவில் ஒயிட் மவுண்டன் என்ற பெயரில் வந்த கருவிகளில் குவளை ஒரு பக்கம் சுழல, உள்ளே துடுப்பும் சுரண்டியும் எதிரெதிராகச் சுழலும்.

உப்பு எதற்கு? ஐஸோடு உப்பு சேர்ந்தால் அந்தக் கலவை பூச்சியம் டிகிரிக்குக் கீழேயும் உருகிக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும், அதை உள்ளே இருக்கும் குவளையிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. சரியான அளவில், அதாவது 100 பங்கு உப்பு நீரில் 23 பங்கு உப்பு இருக்கும் நிலையில், மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகலாம். வீட்டு வாளியில் அவ்வளவு போகாது, போகவும் தேவையில்லை. எவ்வளவு குளிராக இருந்தாலும் கைப்பிடியை நிறுத்திவிட்டால் குவளையின் ஓரத்தில் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் வளர்ந்து, நாக்கில் நறநறவென்று இடறும். துடுப்பு அவற்றைச் சிறியதாக இருக்கும்போதே சுரண்டி நடுவில் தள்ளுகிறது. கூடவே காற்றையும் உள்ளே அடித்துச் சேர்க்கிறது.

அந்தத் துடுப்புக்கும் ஆங்கிலத்தில் பெயர் 'டாஷர்' என்பதே. வெண்ணெய்க் கலத்தில் குத்தும் கோலும் ஐஸ்கிரீம் குவளையில் சுழலும் பலகையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தமிழில் நான் இரண்டாகவே வைப்பேன். குத்துவது கோல், சுழல்வது துடுப்பு. களி கிண்டும் கட்டைக்குத் துடுப்பு என்ற பெயர் முன்பே இருக்கிறது.

இந்த இரண்டு கருவிகளையும் ஒரே சொல்லின் கீழ் கொண்டுவருவதற்கு உருவ ஒற்றுமையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஐஸ்கிரீமைக் கடையும்போதும் கொழுப்பு உருண்டைகள் ஓரளவு ஒட்டிக்கொள்கின்றன. முழுவதும் திரளாமல், சங்கிலி சங்கிலியாக இணைந்து காற்றுக் குமிழ்களைச் சுற்றி நின்று தாங்குகின்றன. ஐஸ்கிரீம் உடனே உருகி வழியாமல் நிற்க இதுவும் ஒரு காரணம். கலவை போதுமான அளவு குளிராமல் இருக்கும்போது ரொம்ப நேரம் கடைந்தால் திரளல் எல்லை மீறி வெண்ணெய்த் துணுக்குகள் தோன்றிவிடும், நாக்கில் எண்ணெய்ப் பசை படியும். வெண்ணெயில் முடிவு வரை போகும் அதே வேலை இங்கே பாதி வழியில் நிற்கிறது. ஆகவே இதுவும் கடைகலமே, கூட ஒரு உறைவித்தல் சேர்ந்த கடைகலம்.

'உறை' என்ற சொல்லும் இங்கே அழகாக வந்து சேர்கிறது. பாலுக்கு உறை ஊற்றினால் தயிர். நீர் உறைந்தால் பனிக்கட்டி. ஆய்மகள் கடைந்ததை 'உறை அமை தீம் தயிர்' என்றே பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. தயிரில் வெண்ணெய் எடுக்க, பால் முதலில் உறைய வேண்டும், பிறகு கடைய வேண்டும். ஐஸ்கிரீமுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஐஸ்கிரீமுக்குத் தமிழ் என்ன என்ற கேள்வி தனியே இருக்கிறது. தமிழ்நாட்டில் எழுத்தில் 'பனிக்கூழ்' பரவிவிட்டது. இலங்கையில் 'குளிர்களி' என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் குளிர்களிதான் பிடிக்கும். கூழ் ஊற்றிக் குடிப்பது, களி கிண்டக் கிண்ட இறுகுவது. ஜான்சனின் வாளியில் எப்போது நிறுத்துவது என்பதைக் கைதான் சொல்லும், கைப்பிடி இனிமேல் சுற்றவே முடியாது என்ற அளவுக்கு இறுகினால் பதம் வந்துவிட்டது. களி கிண்டியவர்களுக்கு இந்தப் பதம் புதிதல்ல. ஆகவே குளிர்களிக் கடைகலம் என்பது என் தேர்வு. பனிக்கூழ்க் கடைகலம் என்று யாராவது எழுதினாலும் தவறில்லை.

இந்தக் கருவிக்கு வேண்டிய ஐஸ் நம் ஊருக்கு எப்போது வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அவரது ஐஸ் கிடங்கு 1842இல் எழுந்தது, ஜான்சனின் காப்புரிமைக்கு ஒரு வருடம் முன்பு. இன்று அது விவேகானந்தர் இல்லம், ஆனால் அந்தப் பகுதிக்கு ஐஸ்ஹவுஸ் என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. கையால் சுற்றும் 'கிரீம் செபரேட்டர்' கடைகலம் அல்ல. சுவீடனின் குஸ்டாஃப் டி லாவல் 1878இல் உருவாக்கிய வகை அது. பாலை மிக வேகமாகச் சுழற்றி ஏட்டைத் தனியே பிரிக்கும், திரளவிடாது. அதற்குப் பாலேடு பிரிப்பான் என்று பெயரிடலாம். பிரிட்டனில் 'மில்க் சர்ன்' என்று எழுதியிருந்தால், ரயிலிலும் லாரியிலும் பால் அனுப்பும் உயரமான உலோகக் கேன் அது. அதில் எதையும் கடைவதில்லை, பால் கேன் என்றே எழுத வேண்டும். தொலைபேசி நிறுவனங்களின் அறிக்கையில் 'சர்ன்' வந்தால் வாடிக்கையாளர் விலகல். அங்கேயும் கடைதல் வேண்டாம்.