வெயிலைப் பிடித்து வைக்கும் கல்

கத்திரி வெயில் காலத்தில் காட்பாடியில் ராத்திரி பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் பத்து மணிக்கும் தரை சுடும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை மெல்லத் திருப்பித் தருகிறது. சில கற்கள் வெளிச்சத்தையே இப்படி வாங்கி வைத்துத் தருகின்றன.

எங்கள் வீட்டு மாடிப்படியில் இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் அதை ‘ரேடியம்’ என்கிறோம். அதில் ரேடியம் கிடையாது. நூறாண்டுக்கு முன் கைக்கடிகார எண்களில் பூசிய சாயத்தில்தான் அசல் ரேடியம் இருந்தது. தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி அதைப் பூசிய பெண்கள் பலர் நோயுற்று இறந்தார்கள். பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இரவெல்லாம் இருட்டில் கிடந்த ஸ்டிக்கர் மேல் உள்ளங்கையை வைத்து, செல்போன் ஃபிளாஷை ஒரு தடவை அடித்துப் பாருங்கள். கையை எடுத்தால் சுற்றிலும் பச்சை. ஐந்து விரலும் இருந்த இடம் கறுப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் எலக்ட்ரான்கள் மேலேறி, இறங்கும் வழியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மலைமேல் பெய்த மழை முழுதும் ஒரே ஓட்டமாக அடிவாரம் வந்துவிடுவதில்லையே. கொஞ்சம் பாறைச் சுனையில் தங்கிக் கசிகிறது. படிகத்தில் உள்ள குறைகள்தான் இந்தச் சுனைகள். ஆழம் போதாவிட்டால் நொடியில் வற்றிவிடும். மிக ஆழமானால் எலக்ட்ரான் வெளியே வராது. நடுத்தர ஆழமென்றால் அறையின் சூடே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். கீழே இறங்கும்போது அது வெளிச்சமாகிறது. அதனால்தான் இதே ஸ்டிக்கர் மே மாதத்தில் முதலில் பளிச்சென்று தெரிந்து சீக்கிரம் மங்கும். மார்கழியில் நிதானமாக ஒளிரும்.

இந்தப் பச்சை, ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் ஐரோப்பியமும் டிஸ்புரோசியமும் சேர்ப்பதால் வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட முறை அது. இரண்டும் அரிய மண் தனிமங்கள். அவை ஒன்றோடொன்று கலந்தே கிடைப்பதால் பிரித்தெடுக்க ஏராளமான அமிலம் வேண்டும். பல சுரங்கங்களில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கழிவும் மிஞ்சும். மாடிப்படி ஸ்டிக்கருக்கு இது பெரிய விலை என்பது என் எண்ணம்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் மிக்கா லாஸ்துசாரியின் குழு, இருட்டில் ஒளிரக்கூடிய ஹாக்மனைட் என்ற கனிமத்தை ஆராய்வது இதனால்தான் முக்கியம். சோடியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்ஸிஜன், குளோரின், கொஞ்சம் கந்தகம்: அதில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். சோறாக்கும் உப்பிலும் செங்கல் மண்ணிலும் உள்ள சரக்கு! நம் ஏலகிரி மலை சையெனைட் (syenite) என்ற தீப்பாறை. ஹாக்மனைட் பிறக்க அதைவிட சிலிக்கா குறைந்த பாறை வேண்டும். இந்தியாவில் ராஜஸ்தானின் கிஷன்கர் பக்கம் கிடைக்கிறது. ஆனால் மலையை உடைக்கத் தேவையே இல்லை. சலவைத்தூளில் சேர்க்கும் ஜியோலைட் வகையோடு சோடியம் உப்புகளைக் கலந்து, சுமார் 850 டிகிரி செல்சியஸில் சுட்டு ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறார்கள்.

இந்தப் படிகம் சின்னச் சின்னக் கூண்டுகளால் ஆனது. பெரும்பாலான கூண்டுகளில் ஒரு குளோரின் உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் கந்தக ஜோடி இருக்கும், சில காலி. புறஊதாக் கதிர் பட்டால் கந்தகத்திடமிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்பிக் காலிக் கூண்டில் குடியேறுகிறது. அங்கிருந்து அது பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்குவதால் வெள்ளைக் கல் கத்திரிப்பூ நிறமாகிறது. சாதாரண விளக்கொளியில் வைத்தால் எலக்ட்ரான் வீடு திரும்பும். கல் மறுபடி வெள்ளை. துளி டைட்டானியம் இருந்தால் இருட்டில் வெண்மையாக ஒளிரவும் செய்கிறது. பச்சை ஸ்டிக்கர் அளவுக்குப் பிரகாசம் இன்னும் வரவில்லை.

நிறம் மாறும் குணத்துக்கு வேலை ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. எக்ஸ்-ரே படத்தைப் பதித்து, அழித்து, மறுபடி பதிக்கும் தகடாக இதைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். வெயிலில் புறஊதா எவ்வளவு என்பதை நிறத்தின் அடர்த்தியாலேயே காட்டும்படியும் கலவையைச் சரிசெய்திருக்கிறார்கள். நண்பகலில் வேலூர்க் கோட்டை அகழியோரம் நடக்கிறவர் சட்டைப்பையில் அப்படி ஒரு பட்டை இருந்தால், எப்போது நிழலுக்கு ஒதுங்கவேண்டும் என்று அதன் கத்திரிப்பூ நிறமே சொல்லிவிடும்.