போத்தல் பாலும் இரும்புச் சத்தும்

"சோறுன்னா வாயையே திறக்க மாட்டேங்குது. நாலு போத்தல் பால் குடிச்சிடும், அதனால பரவாயில்ல." கோலாலம்பூரில் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. செந்தூலில் பாட்டி சொல்வார், பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தை ஆமோதிப்பார். பிள்ளையும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஆனால் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. அதற்கான காரணம் பாலுக்குள்ளேயே இருக்கிறது.

100 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இவ்வளவு கால்சியத்தையும் அதோடு சேர்ந்த பாஸ்பேட் என்ற தாது உப்பையும் வெறும் தண்ணீரில் கரைக்க முயன்றால் சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிடும். பாலில் அப்படிப் படியாமல் பார்த்துக்கொள்வது கேசின் என்ற புரதம். பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். கேசின் இழைகளில் ஆங்காங்கே பாஸ்பேட் கொத்துகள் இருக்கின்றன. அவை கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, ஆயிரக்கணக்கான இழைகள் திரண்டு நுண்ணிய உருண்டைகளாகின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாக வகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு அல்லது சற்றே கூடுதல். இவற்றிலும் கொழுப்புத் துளிகளிலும் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது. சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, அப்போது நிலைகுலைவது இந்த உருண்டைகள்தான். வயிற்றில் அமிலமும் நொதியும் சேர்ந்து இதே வேலையைச் செய்கின்றன. திரண்ட கேசின் மெல்லத்தான் செரிக்கும். பால் குடித்த பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவதில் இதற்கும் பங்குண்டு.

கால்சியத்தைப் பிடித்துவைக்கும் அதே பாஸ்பேட் கொத்துகள் இரும்பையும் விடுவதில்லை. கீரையிலோ பருப்பிலோ இருந்து குடலுக்கு வரும் இரும்பைக் கேசின் கட்டிப்போடுகிறது. பாலில் தாராளமாக இருக்கும் கால்சியமும் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கிறது. எலும்புக்குப் பாலை நல்ல உணவாக்கும் குணமே இரத்தத்துக்கு எதிராகத் திரும்பும் இடம் இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 மில்லிலிட்டர் போத்தல் நான்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அதில் 600 கலோரிக்கு மேல் கிடைக்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே ஏறக்குறைய 1,000 கலோரிதான். பாதிக்கு மேல் பாலிலேயே நிரம்பிவிட்டால் பசி எங்கிருந்து வரும்? ஆனால் அந்த ஒரு லிட்டரில் இருக்கும் இரும்பு அரை மில்லிகிராம் அளவுதான். தேவை சுமார் 7 மில்லிகிராம்.

தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான், ஆனால் இருப்பதில் கணிசமான பங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் சுமார் ஆறு மாதம் தாங்கும். அதன் பிறகு உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்த இரும்புக் குறை ஒரு காரணம். சில குழந்தைகளின் குடலில் பசும்பால் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை உண்டாக்குவது இன்னொன்று.

இரும்பு குறைந்தால் முகம் வெளிறுவது மட்டும் நடப்பதில்லை. மூளை வேகமாக வளரும் வயது இது. நரம்பிழைகளுக்கு உறை போடவும் இரும்பு வேண்டும். பிள்ளை சிணுங்கும், சோர்ந்து கிடக்கும், சில சமயம் மண்ணை எடுத்து வாயில் போடும். இரும்புக் குறைவே பசியையும் கெடுக்கும் என்பதுதான் கொடுமை. பசியில்லாத பிள்ளைக்கு நாம் மறுபடியும் போத்தலைத்தான் நீட்டுகிறோம்.

இதனால் பாலையே நிறுத்திவிட வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டர் அளவு, அதுவும் இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால், நல்ல உணவு. அதிலேயே 600 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடும். சைவக் குடும்பங்களுக்கு வைட்டமின் பி12 வேறு கிடைக்கிறது. அந்த அளவில் கொஞ்சத்தைத் தயிராகவும் கொடுக்கலாம். "வளரும் பிள்ளைகளுக்கான" மாவுப் பால் கட்டாயமில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான உணவு பற்றி 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுக்கு மேல் அத்தகைய பால் மாவுகளைப் பரிந்துரைக்கவில்லை. மாதாமாதம் அதற்காகப் பல நூறு ரிங்கிட் ஒதுக்கும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

டின் பால் வேறு விஷயம். தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீருக்கு ஊற்றும் டின்களில் பல இன்று பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர்தான். அசல் கெட்டிப்பாலாக இருந்தாலும் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939-இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், இதைக் குழந்தை உணவென்று பரப்பியதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். பிள்ளைக்குத் தேத்தண்ணியில் ரொட்டி நனைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். தேயிலையின் டானின் இரும்பைத் தடுப்பதில் பாலுக்குச் சளைத்ததல்ல.

சாப்பாட்டு நேரத்தில் பால் வேண்டாம், இடைவேளையில் கொடுங்கள். போத்தலை விட்டுக் கப்புக்கு மாற்றினாலே பெரும்பாலும் அளவு தானாகக் குறையும். வாயில் போத்தலோடு தூங்கிப் பல் சொத்தையாவதும் நிற்கும். தட்டில் மசித்த மீன், கோழி, வாரத்தில் ஒருமுறை கொஞ்சம் ஈரல் இருக்கட்டும். சைவம் என்றால் பருப்பும் கீரையும், கூடவே கொய்யாவோ பப்பாளியோ. அவற்றின் வைட்டமின் சி தாவர இரும்பைக் குடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும்.

கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரும்பு மருந்து எழுதிக் கொடுத்தால், கசக்கிறதென்று அதைப் பால் போத்தலில் கலக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவை, பால் குடிக்காத நேரத்தில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றோடு கொடுங்கள்.