நேரலையை ஏன் அணைக்க முடிவதில்லை?

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. 29 அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. நடுவில் தீபாவளி வந்து போனது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் மனநல ஆலோசனைக்கு வந்தவர்களில் பலர் தங்கள் பிரச்சினையை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசினார்கள். ஒரு பெண் விடிய விடிய சேனல் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். குழந்தை 26 அடியிலிருந்து 88 அடிக்குச் சரிந்த கதையை அடி பிசகாமல் சொன்னார். "டிவியை அணைச்சா ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கு. அதைப் பார்த்து அழுறப்பதான் எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு தெரியுது" என்றார். கணவர் இறந்தபோது அவருக்கு அழுகையே வரவில்லை என்பது பேசப் பேசத்தான் வெளியே வந்தது.

இதை வக்கிரம் என்று நான் சொல்ல மாட்டேன். மனசு மரத்துப்போய் நாட்கள் ஓடும்போது, எங்கோ ஒருவர் படும் வேதனை மட்டும் நிஜமாகத் தெரிகிறது. நெஞ்சு பதறினால் நாமும் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பதற்றம் சீக்கிரம் அடங்கிவிடும். உடனே இன்னொரு காட்சி, இன்னும் கிட்டத்தில் எடுத்த காட்சி தேவைப்படும். குழிக்குள் இறக்கிய கேமராவில் தெரிந்த சின்னக் கை எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது! அனுப்பியவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா கண்ணிலும் அது படுமே என்ற நினைப்புதான் வரவில்லை.

பார்ப்பவருக்கும் இது கேடுதான். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள்.

சரி, என்ன செய்யலாம்? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை செய்தியைப் படியுங்கள், வீடியோ வேண்டாம். அழுகை நிற்கவில்லை என்றால், உங்கள் சொந்த இழப்பு எதையாவது பேசாமல் வைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். அதை யாரிடமாவது பேசுங்கள். அதன்பிறகும் ஏதாவது செய்யவேண்டும் என்று மனசு தவித்தால், தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு உங்கள் ஊரில் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மூடும் வரை விடாமல் கேளுங்கள்.